மச்சம் வைத்த சாத்துக்குடி

எங்கள் வீட்டுக்கு ஒரே சாத்துக்குடி மூன்று முறை வந்திருக்கிறது. சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். காம்புக்குப் பக்கத்தில் மிளகளவு ஒரு கறுப்பு மச்சம் அதற்கு. முதல் முறை சங்கராபுரத்துப் பெரியம்மா கொண்டுவந்த பையில் வந்தது. அடுத்த வாரம் அரிசி மண்டிக்காரர் ஒருவர் பையில் வந்தது. மூன்றாம் முறை யார் பையில் வந்தது என்று ஞாபகமில்லை. அன்றைக்குத்தான் அப்பா அதைக் கண்டுபிடித்தார் என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அப்பா ஜீப் ஓட்டினார். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு. எங்கள் ஊர் அந்தச் சாலையில்தான், மலை தொடங்குவதற்கு முன்னால், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில். அந்தக் காலத்தில் மலைக்குப் பஸ் பேருக்குத்தான் ஓடியது. மழை பெய்தால் அதுவும் வராது. அப்பாவின் ஜீப் மட்டும் போகும். பிள்ளைத்தாய்ச்சி, பாம்பு கடித்தவர், புளி மூட்டை, சாமை மூட்டை, ஆட்டுக்குட்டி, பள்ளிக்கூடத்து வாத்தியார் எல்லாரும் ஒரே வண்டியில். அப்பாவின் வாயில் எந்நேரமும் புகையிலை. கொண்டை ஊசி வளைவு வந்தால் ஹாரன் அடிக்கிறாரோ இல்லையோ, எட்டிப் பார்த்து ஒரு துப்பு துப்புவார். அந்தப் புகையிலைதான் நாக்கில் புண்ணாக வந்து உட்கார்ந்தது.

கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கரண்ட் வைத்தார்கள். ஜீப்பை விற்றோம். மறுபடி கரண்ட் வைத்தார்கள். அம்மாவின் நகை, எனக்கென்று சேர்த்து வைத்திருந்தது எல்லாம் அந்த ஊர் சத்திரத்து வாடகையிலும் மருந்திலும் கரைந்தது. கடைசியில் டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "இனி செய்யறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வலி இல்லாம பாத்துக்குங்க" என்றார். நல்ல மனிதர். குரல் இறங்கிப் போய்த்தான் சொன்னார்.

வலி இல்லாம பாத்துக்குங்க. அம்மா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது உளுந்தூர்பேட்டை தாண்டும்வரை அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அப்பா பிழைக்க மாட்டார் என்பதை அவள் ஏற்றுக்கொண்டுவிட்டாள். வலியோடு போகக் கூடாது என்பதில்தான் அவளுடைய மொத்தப் பிடிவாதமும் இருந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஒரே பெண். எனக்கும் அதற்கு மேல் வேண்டியது ஒன்றுமில்லை.

வலி தெரியாமல் இருக்க ஊசி. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. கள்ளக்குறிச்சியில் ஒரே ஒரு மருந்துக் கடையில்தான் அது கிடைக்கும். டாக்டர் சீட்டை அவர்களே வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஊசி போட எங்கள் ஊர் காலனியிலிருந்து நர்சம்மா வருவார். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். கூலி என்று கேட்டதே இல்லை. எங்கள் வீட்டில் அவருக்கென்று தனி டம்ளர் இருந்தது. எழுதக் கை கூசுகிறது. ஆனால் இருந்தது, அதனால் எழுதுகிறேன். அதில் காப்பி குடித்துவிட்டு, அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார்.

மூக்கு வழியாக டியூப். அதில் பால், கஞ்சி. வாயெல்லாம் ரணம். பேச்சு போய்விட்டது. என் பழைய பள்ளிக்கூடத்துச் சிலேட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். எழுத்து கோணல்மாணலாக வரும், ஆனால் கிண்டல் மட்டும் குறையவில்லை. "உங்கம்மா கஞ்சியில உப்பு கம்மி" என்று எழுதுவார். டியூபில் போகிற கஞ்சிக்கு உப்பு தெரியுமா?

பார்க்க வருகிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். அப்பா ஏற்றி இறக்காத ஆள் அந்தப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? திருநாவலூரிலிருந்துகூட வந்தார்கள். மலையிலிருந்து வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை, பைக்குள் சாத்துக்குடி. எங்கள் பக்கத்தில் படுக்கையில் கிடப்பவரைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது. சரி, வாஸ்தவம். ஆனால் கையில் பணமும் கொடுக்கக் கூடாது. பணம் என்பது எழவு வீட்டில் கொடுப்பது. உயிரோடு இருப்பவர் தலைமாட்டில் பணத்தை வைத்தால், நீ எப்போது போவாய் என்று கேட்கிற மாதிரி.

இது தெரிந்தும் ஒருவர் வைத்தார். அப்பாவோடு சேர்ந்து வண்டி ஓட்டியவர். எங்கள் கஷ்டம் தெரிந்து, போகும்போது தலையணைக்கு அடியில் நோட்டைச் சொருகினார். அம்மா பார்த்துவிட்டாள்.

"எடுய்யா அத்த!" என்று ஒரு சத்தம். "இன்னா, இப்பவே வாய்க்கரிசிக்கு வெக்கிறியா? எம்புருஷன் உசுரோட இருக்காருய்யா!"

பாவம், அந்த மனிதர் நோட்டை எடுத்துக்கொண்டு அழுதுகொண்டே போனார். அதற்குப் பிறகு யாருக்கு வரும் தைரியம்? எல்லாரும் சாத்துக்குடியோடு வந்து, சாத்துக்குடியை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். அப்பாவால் ஒரு சொட்டு விழுங்க முடியாது. புளிப்பு பட்டால் வாய் எரியும், கிட்டேயே கொண்டுபோகாதீங்க என்று நர்சம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கூடத்தில் சாத்துக்குடி, அடுப்படியில் சாத்துக்குடி, நெல் குதிருக்கு மேலே சாத்துக்குடி. நானும் அம்மாவும் தின்று தின்று எங்களுக்கே வாய் புண்ணாகிவிட்டது. ஆனால் அந்த வாரம் ஊசி வாங்கப் பணம் இல்லை.

எனக்குக் கோபம் மூக்கு மேல் நிற்கும். இப்போதும் அப்படித்தான். அன்றைக்கு இருந்ததைத் திரட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனேன். நான்கு நாளைக்கு வாங்க வேண்டிய இடத்தில் ஒரு நாளைக்குத்தான் வாங்க முடிந்தது. திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால், எங்கள் ஊர் பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரில் பாயின் பழக்கடை. எங்கள் வீட்டுக்கு வருகிற அத்தனை சாத்துக்குடியும் அங்கிருந்து வருவதுதான். யாரோ ஒரு அம்மா, எங்கள் வீட்டுக்கு வரத்தான், பேரம் பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாய், எங்க ஊரு பஸ்ஸுக்குப் போறவங்களுக்கு இனிமே பழம் விக்காதீங்க!" என்று கத்தினேன்.

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. பாய் வயதானவர், நிதானமான ஆள். "இன்னாம்மா ஆச்சு? பழம் அழுவிப்போச்சா?"

"பழம் நல்லாத்தான் இருக்குது. எங்கப்பாவால முழுங்க முடியாது. சாறு பட்டாலே எரியுது. வூடு பூரா சாத்துக்குடி, ஊசி வாங்கக் கையில காசில்ல. நான் இன்னா பண்றது சொல்லுங்க!"

சொல்லிவிட்டு அங்கேயே அழுதுவிட்டேன். பேரம் பேசிய அம்மா பையைக் கீழே வைத்துவிட்டார். பாய் என்னை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு, தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தார். அழுக்கே இல்லாத தட்டு அது.

"எத்தினி டஜன் இருக்கும் வூட்ல?"

"எண்ணல பாய்."

"எடுத்தாந்து குடு. நான் வெலைக்கு எடுத்துக்கறேன்."

"பாவம் பாத்துக் குடுக்கறீங்களா?" என்றேன். அந்த நிலைமையிலும் திமிர்.

"பாவமாவது ஒண்ணாவது. நான் பழக்கடைக்காரன்மா. மார்க்கெட்ல எடுத்தா வண்டிக் கூலி ஜாஸ்தி. நீ எடுத்தாந்தா அது மிச்சம். எனக்குத்தான் லாபம், போ."

மறுநாள் இரண்டு கோணிப்பை நிறையக் கொண்டுபோனேன். நசுங்கியதைத் தள்ளிவிட்டு மீதிக்குப் பணம் கொடுத்தார். விற்ற விலைக்கே எடுத்தார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. லாபமாம், லாபம்!

அம்மாவிடம் என்ன சொல்வது? தர்மாஸ்பத்திரியில் இருக்கிற நோயாளிகளுக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். "நல்ல காரியம்" என்றாள். வீட்டில் ஒரு தீப்பெட்டி குறைந்தால் துருவித் துருவிக் கேட்கிறவள், ஊசி மருந்து எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. சாயந்திரமானால் அவளே பழங்களைத் துணியால் துடைத்து, அடிபடாமல் பையில் அடுக்கிக் கொடுப்பாள். தர்மாஸ்பத்திரிக்கு இவ்வளவு கரிசனம்!

அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் நான் போட்ட சத்தம் ஊரெல்லாம் போய்விட்டிருந்தது. எனக்கு அது தெரியவில்லை. ஆனால் வருகிறவர்கள் கொண்டுவருகிற பை பெரிதாகிக்கொண்டே போனது. ஒரு டஜன் கொண்டுவந்தவர்கள் இரண்டு டஜன் கொண்டுவந்தார்கள். ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் நாலு நாளில் மறுபடி வந்தார்கள். "முந்தாநாள்தான் வந்துட்டுப் போனீங்க?" என்றால், "இன்னிக்கு எப்பிடி இருக்காருன்னு பாக்க வேணாமா?" என்பார்கள். மலையிலிருந்து வருகிறவர்கள் முன்பெல்லாம் சாமையோ தேனோ கொண்டுவருவார்கள். அவர்களும் சந்தையில் புளியைப் போட்டுவிட்டு பாய் கடைக்குப் போய்விட்டுத்தான் வந்தார்கள். கடையில் போய் "டிரைவரூட்டுப் பை குடுங்க பாய்" என்று கேட்பார்களாம். அவரும் நான் பழம் கொண்டுபோன மஞ்சள் பையையே தூக்கிக் கொடுத்து அனுப்புவாராம். ஒருவர்கூட எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இப்படி இரண்டு மாதம் ஒரு நாள் தவறாமல் ஊசி போட்டோம்.

அப்பாவின் படுக்கை கூடத்தில்தான். வருகிற பழம் போகிற பழம் எல்லாம் அவர் கண் முன்னால்தான். ஒருநாள் நான் பையைத் தூக்கும்போது சிலேட்டைத் தட்டிக் கூப்பிட்டார். எழுதியிருந்தார்: "மச்சப் பழம் மூணாவது வாட்டி வந்துருக்குது."

அவருக்கென்று வந்ததை நான் விற்றுக்கொண்டிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாரோ என்ற பயம் எனக்கு முதல் நாளிலிருந்தே இருந்தது. அழித்துவிட்டு மறுபடி எழுதினார்: "பாய் நல்லா பொழைக்கறாரு." தோள் குலுங்கியது. சிரிக்கிறார். பிறகு மூன்றாவதாக: "நிறுத்தாத."

மச்சப் பழத்தை மட்டும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். நகத்தால் தோலை லேசாகக் கீறி மூக்கடியில் பிடித்துக்கொண்டார். பஸ் வருகிற நேரம் ஆனதும் அவரே நீட்டினார். கீறின பழம் விலை போகாது என்று பாயிடம் சொன்னேன். "அது இங்கயே கெடக்கட்டும்" என்று சாமி படம் வைக்கிற மாதிரி மேல் தட்டில் வைத்துவிட்டார். அதன்பிறகு தினமும் ஒரு பழம் அப்பாவின் கையில் இருக்கும். மோந்து பார்ப்பார். அவ்வளவுதான். சாயந்திரம் பைக்குள் வைக்கும்போது அது வெதுவெதுப்பாக இருக்கும்.

அப்போதுதான் மறியல் வந்தது.

எங்கள் ஜாதிக்குப் படிப்பிலும் வேலையிலும் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று ஒரு வாரம் சாலை மறியல். நியாயமான கோரிக்கைதான். பிற்பாடு எனக்குத் தாலுக்கா ஆபீசில் வேலை கிடைத்ததே அப்படி வந்த ஒதுக்கீட்டில்தான். தின்ற சோற்றை நான் பழிக்க மாட்டேன். ஆனால் அந்த வாரம் சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளினார்கள். எங்கள் ஊரிலிருந்து கள்ளக்குறிச்சி வரைக்கும் ஒன்பது இடத்தில். பஸ் இல்லை, கடை இல்லை, பார்க்க வருகிற ஆள் இல்லை. சாத்துக்குடி இல்லை. எங்கள் ஊர் மரத்தை வெட்டியவர்களில் முன்னால் நின்றது என் சித்தப்பா, அப்பாவின் சொந்தத் தம்பி.

கையில் மூன்று நாளைக்கு மருந்து இருந்தது. அதைவிடப் பெரிய கவலை நர்சம்மா. வேறு ஊர்களில் காலனிக் குடிசைகள் எரிந்ததாகச் சேதி வந்திருந்தது. எங்கள் ஊர் காலனியிலிருந்து ஒருவரும் வெளியே வரவில்லை. நர்சம்மாவும் வர மாட்டார் என்றுதான் நினைத்தோம். வராவிட்டால் கேட்கிற முகம் எங்களுக்கு ஏது? ஆனால் அவர் சாலையை விட்டுவிட்டு, வரப்பு வரப்பாகச் சுற்றிக்கொண்டு, சேலையில் சேறோடு வந்தார்.

"வழியில பயமா இல்லையா நர்சம்மா?" என்று கேட்டேன்.

"பயம்தான். நேரம் தவறிச்சுன்னா அவுரு துடிச்சிப்புடுவாரே, அதான்" என்றார்.

அன்றைக்கு அம்மா காப்பியை அப்பாவின் டம்ளரில் கொடுத்தாள். நர்சம்மா டம்ளரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், குடித்தார். இத்தனை நாள் எங்கே போயிருந்தது இந்தப் புத்தி என்று எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் மாலைக்கு ஒரே ஒரு ஊசி மிச்சம். நர்சம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பாதி இப்ப போடறேன், பாதி காலைல. ஆனா வலி தெரியும்." அம்மா முடியவே முடியாது என்றாள். அப்பா சிலேட்டில் "பாதி" என்று எழுதிக் காட்டினார். பாதி போட்டோம்.

மறுநாள் காலை மிச்சப் பாதி உள்ளே போன பிறகும் அப்பா போர்வையைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டு, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டினார். அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா உள்ளே வந்தார். சாலையில் வெட்டிப் போட்ட மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர், அண்ணனை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

நான் விட்டேனா? "நல்லா பாரு சித்தப்பா! நீ வெட்டுன மரம் ரோட்ல கெடக்கல. எங்கப்பா மேல கெடக்குது!"

அம்மா என்னை அடக்கவில்லை. சித்தப்பா தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பிறகு, "வூட்ல பழம் ஏதாச்சும் மிச்சம் இருக்குதா?" என்று கேட்டார்.

எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. பழம் தின்கிற நேரமா இது? அம்மாவுக்குத்தான் புரிந்தது. குதிருக்கு மேலே ஆறு சாத்துக்குடி கிடந்தது. மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தாள்.

பிறகு நடந்ததைச் சித்தப்பா சொல்லித்தான் தெரியும். அதையும் வருஷக்கணக்காக, ஒவ்வொரு தீபாவளிக்கும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். எங்கள் ஊர் மரத்தடியில் போய்ப் பையை உயரத் தூக்கிப் பிடித்து, "டிரைவரூட்டுப் பழம். யாரு வாங்கறீங்க?" என்றாராம். மறியலுக்கு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பாய் கடைப் பழத்தின் கதை தெரிந்தவர்கள்தான். மடியில் இருந்ததை அவிழ்த்துச் சேர்த்துப் போட்டு வாங்கினார்கள். வாங்கிய பழத்தை யாரும் தொடவில்லை. அவர்களில் ஒருவர் சித்தப்பாவோடு அடுத்த மரம் வரைக்கும் நடந்து போய், அங்கே இருந்தவர்களுக்கு அதே ஆறு பழத்தை விற்றார். அவர்கள் அதற்கடுத்த மரத்துக்கு. அப்பாவைக் கண்ணால் பார்க்காதவர்களும் இருந்தார்களாம். "யாரு அந்த டிரைவரு?" என்று கேட்டுக்கொண்டே காசு போட்டார்களாம். ஒன்பது மரத்தடியிலும் அந்தப் பை விலை போனது. யாரும் அப்பாவுக்குப் பணம் கொடுக்கவில்லை. பழம்தான் வாங்கினார்கள்.

கள்ளக்குறிச்சி எல்லையில் போலீஸ் நின்றது. சித்தப்பா அதற்கு மேல் போனால் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். என்ன செய்வது என்று ஒரு கரும்புக் கொல்லை ஓரமாகப் பதுங்கி உட்கார்ந்திருந்தபோது, எதிரே கையில் ஒரு பொட்டலத்தோடு பாய் நடந்து வந்திருக்கிறார். மூச்சு வாங்க.

"நாலு நாளா பொண்ணு வரல. மருந்து தீந்திருக்கும்னு மருந்துக் கடைக் கதவத் தட்டி நானே வாங்கிட்டேன். ஊருக்கு எப்பிடிப் போறதுன்னுதான் தெரியாம வந்துக்கினு இருக்கேன்" என்றாராம்.

சித்தப்பா பையை நீட்டியிருக்கிறார். பாய் ஆறு பழத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து உருட்டிப் பார்த்து, "நல்ல பழம்தான், எடுத்துக்கறேன்" என்றாராம். நடு ரோட்டில், மறியல் நடுவில், வியாபாரம்! மரத்தடிகளில் சேர்ந்த பணத்தில் அந்த மருந்துக்குப் போக மிச்சத்துக்கு இன்னும் மருந்து வாங்கித் தர மறுபடி ஊருக்குள் நடந்து போய் வந்தார். அந்த வயதில்.

சித்தப்பா திரும்பி வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. பஞ்சில் சுற்றிய மருந்துக் குப்பிகள், மஞ்சள் பைக்குள். ஒன்றுகூட உடையவில்லை. நர்சம்மா வரப்பு வழியாக வருவதற்குள், சித்தப்பாவே காலனி முனைக்குப் போய் நின்று, அவரைச் சாலை வழியாகவே முன்னால் நடக்கவிட்டு அழைத்துவந்தார். மரத்தடியில் இருந்தவர்கள் எழுந்து வழி விட்டார்கள். ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் அப்பாவின் வாயிலிருந்து போர்வை தானாக நழுவியது. அம்மா அதை எடுத்து மடித்தாள். மடித்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் பகலில், பஸ்ஸும் ஜீப்பும் இல்லாத அந்த வாரத்தில், மலையிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். அந்த அம்மாவின் தலைப்பிரசவத்துக்குக் கொட்டுகிற மழையில் அவரைக் கீழே இறக்கியவர் அப்பா. வெள்ளிமலைக்கு அந்தப்புறம் ஏதோ ஒரு ஊர். கிளம்பி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டேன். "நேத்து கெளம்பனது" என்றார்கள். வரும் வழியில் பாய் கடை இல்லை. அதனால் அவர்கள் வீட்டு வேலியில் காய்த்ததைப் பறித்து, புல் வைத்துக் கூடையில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். சீத்தாப்பழம். நடந்து வந்த சூட்டில் எல்லாம் பழுத்து, கண் விரிந்து, தொட்டால் குழைகிற பதத்தில் இருந்தன. வீடே மணத்தது.

"எங்களுக்குக் கடப் பழம் கெடைக்கல. இது விக்காதுன்னு தெரியும்" என்று அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். மலை வரைக்கும் போயிருக்கிறது எங்கள் வீட்டுக் கதை!

உண்மைதான். கனிந்த சீத்தாப்பழத்தை எந்தக் கடையிலும் திருப்பி எடுக்க மாட்டார்கள். சாயந்திரத்துக்குள் தின்றால் உண்டு. நான் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, கூடையை உள்ளே எடுத்துப் போகத் தூக்கினேன். சிலேட்டுத் தட்டும் சத்தம் கேட்டது. திரும்பினேன். அப்பா சிலேட்டை நெஞ்சின் மேல் நிமிர்த்திப் பிடித்திருந்தார்.

"இத்த வித்துடாத."

கூடையை அங்கேயே இறக்கி வைத்தேன். இரண்டு மாதம். எத்தனை டஜன் பழம் அவர் கண்ணுக்கு முன்னால் வந்து போயிருக்கும்? ஒரு நாள்கூட, எனக்கொன்று என்று கை நீட்டாத மனுஷன். புளிப்பு எரியும் என்று நாங்கள் சொன்னோம். சரி. அவருக்கு ஆசை இருக்கும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லையே. ஊசி, ஊசி என்று ஓடினேன். அதற்காக என்னை நான் திட்டிக்கொள்ளவும் மாட்டேன். ஆனால் நினைத்திருக்கலாம்.

நர்சம்மா ஊசி போட்டுவிட்டு, வாயைத் திறந்து பார்த்தார். "விழுங்கக் கூடாது. நாக்கு நுனில தடவுங்க. இது எரியாது" என்றார். அம்மா ஒரு பழத்தைப் பிட்டு, கொட்டை நீக்கி, சதையை விரலில் வழித்துத் தடவினாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம், வாசலில் நின்ற சித்தப்பா உட்பட. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறக்காமலேயே விரலை ஆட்டினார். இன்னொரு வாட்டி என்று. அம்மா சிரித்துவிட்டாள். அவள் சிரித்து எத்தனை நாள் ஆகியிருந்தது!

அதிலிருந்து மூன்றாம் நாள் காலை, ஊசி போட்டு நர்சம்மா காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது அப்பா போனார். வலி இல்லாமல்தான் போனார். மறியல் முடிந்து மரங்களை ஓரத்துக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். கூட்டம் கொள்ளவில்லை. அப்போது எல்லாரும் பணம் வைத்தார்கள். தலையணைக்கடியில் சொருகி அம்மாவிடம் திட்டு வாங்கிய டிரைவரும் வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா கதறினாள்.

பாய் அன்றைக்குத்தான் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். கடையை விட்டு அவர் வந்ததே இல்லை. ஓரமாக என்னைக் கூப்பிட்டார்.

"கடைசியா ஏதாச்சும் சாப்ட்டாராம்மா?"

"சீத்தாப்பழம் பாய். மலையிலேருந்து வந்துச்சு. நாக்குல தடவுனோம். இன்னொரு வாட்டி கேட்டு வாங்கிக்கினாரு."

"இனிப்பா இருந்துச்சா?"

"அஞ்சு வாட்டி கேட்டாரு பாய்."

பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "ரெண்டு மாசமா உங்கப்பனுக்கு எம்மாம் பழம் வித்திருப்பேன்" என்றார். "இனிப்பா ஒரு பழம் குடுத்தனுப்பணும்னு எனக்குத் தோணவே இல்ல பாரு."

"எனக்கும்தான் தோணல பாய்" என்றேன்.